மயில்வாகனம் தின்ற மாலை

சட்டன்
9 மார்ச் 2025

ஆரணன்,

மாமி எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க உம்மை ‘நீர்’ என்றுதான் எழுதப் போகிறேன். தூக்கி வளர்த்த பழக்கத்தில் கை ‘நீ’ என்று எழுதப் பார்க்கிறது. கோபம் விடுகிறதாக இல்லை.

போன் எடுத்தால் எடுக்கிறீர் இல்லை. வாட்சப்பில் போட்டால் பார்க்கிறீர் இல்லை. முத்திரை ஒட்டி வீட்டுக்கு வந்த கடிதத்தை என்ன செய்வீர் என்று பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து மரக்கறிப் பெட்டிகள் வந்து கடை நிறைந்து கிடக்கும் நேரத்தில், நீர் வேலை செய்கிற குதிரைப் பந்தய ஆணையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அட்டையைக் காட்டிவிட்டு முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னை விசாரித்தார்கள். பெப்ரவரியில் கெம்டன் பந்தயத்தில் வென்ற எங்கள் குதிரை மயில்வாகனத்தின் சிறுநீரில், ஓடும் குதிரைக்கு ஆகாத கற்பூரம் இருந்ததாம். “அன்றைக்கு நீங்களோ வேறு யாருமோ குதிரைக்கு ஏதாவது தீவனம், மாத்திரை, ஊசி, மருந்து கொடுத்தீர்களா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றேன். “நிச்சயமாகவா?” என்றார்கள். “நாங்கள் என்ன குதிரைக்குக் கற்பூரம் கொளுத்தித் தீபாராதனையே காட்டினனாங்கள்?” என்று கேட்டேன். அந்தப் பெண் அதையும் எழுதினாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று நானும் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் பெவர்லி போன் எடுத்து அழுதாள். அவள்தானே குதிரையைப் பழக்குகிறவள். எப்சத்தில் அவளுடைய லாயத்துக்குப் போய்த் தீவனத் தொட்டிகளைக் கவிழ்த்து, வைக்கோலை உதறி, அவள் கைக்குப் பூசுகிற கிரீமைக்கூட எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் தீவனம் விற்றவனின் பிழையால் அவளுக்கு ஒரு எச்சரிக்கை ஏற்கனவே இருக்கிறதாம். இது இரண்டாவது. லைசென்சே போகலாமாம். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் லாயத்திலேயே படுத்துக் கிடக்கிற பெண் அவள். அவளுக்கு இது இல்லாவிட்டால் வேறு ஒன்றுமில்லை.

உம்முடைய ஆணையத்துக்கு எதில்தான் மூக்கு நுழையாது? நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து குதிரை வாங்கியபோது பெயர் பதினெட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். சரி என்றோம். மயில்வாகனம் என்பது உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரா, அவர் சம்மதம் தந்தாரா என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் இல்லாத தெரு எது, யார் யாரிடம் சம்மதம் வாங்குவது? ஓட்டுகிறவன் சட்டையின் நிறம் அவர்கள் சொல்வது. சாட்டையை எத்தனை தரம் ஓங்கலாம் என்பதும் அவர்கள் சொல்வது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். இப்போது ஒரு குற்றமும் செய்யாத பெண்ணின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் சலுகை கேட்கவில்லை. நியாயம் கேட்கிறேன். அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கிற உமக்கு வாய் இல்லையா?

சிவமலர் மாமி

•

ரெய்னர்ஸ் லேன்
15 மார்ச் 2025

அன்பின் மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் காரணம் கோபமல்ல. நான் அந்த வழக்கில் இல்லை. நீங்கள் அப்பாவின் அக்கா என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணையில் இருக்கும் ஒருவரோடு ஆணையத்தின் ஊழியர் பேசினால் அது பதிவாக வேண்டும். போனில் பேசியதைப் பதிவு செய்ய முடியாது. கடிதத்தைக் கோப்பில் வைக்கலாம். ஆகவே உங்கள் கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். இதையும் வைப்பேன். இனி எழுதும்போது அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சொல்கிறேன். குதிரையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அது என்ன தின்றது, யார் கொடுத்தார்கள் என்று அது சொல்லாது. அதனால்தான் குதிரையின் உடம்புக்குள் வரக்கூடாதது எந்த வழியில் வந்தாலும், அதைப் பழக்குகிறவர் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தனக்குத் தெரியாது என்பது பதிலாகாது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நிரூபித்து, தன்னால் இயன்ற கவனமெல்லாம் எடுத்ததையும் காட்டினால், தண்டனை இல்லாமல் விடலாம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாவிட்டால், எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. வென்ற பந்தயம் எப்படியும் போகும். அதை யாராலும் காப்பாற்ற முடியாது.

உங்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். இந்த விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு லாயத்திலும் யாரோ ஒரு பையன்மேல் பழியைப் போட்டுவிட்டு முதலாளிகள் தப்பிவிடுவார்கள். அப்படி நடந்த காலமும் இருந்தது. நான் இந்த வேலைக்கு வந்ததே இந்த விதி பிடித்துத்தான்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். குதிரை வாங்கிய நாளிலிருந்து கோயிலிலும் கலியாண வீடுகளிலும் “எங்கட ஆரணன் அங்கதான் இருக்கிறான், ஒரு பயமும் இல்லை” என்று சொல்லித் திரிந்தீர்கள். போன மாதம் ஒரு பூப்புனித விழாவில் அறிமுகமே இல்லாத ஒருவர் என்னைத் தூண் மறைவுக்குக் கூட்டிப் போய், “தம்பி, சனிக்கிழமை எந்தக் குதிரை வெல்லும்?” என்று கேட்டார். நான் இருபத்திநாலு மணி நேரமும் நேர்மையாக இருந்தாலும், மாமியின் மருமகன் என்ற சந்தேகம் என் முதுகில் ஏறி இருக்கிறது. மற்றவர்கள் ஒரு மடங்கு கவனமாக இருந்தால் நான் இரண்டு மடங்கு இருக்க வேண்டியிருக்கிறது.

கற்பூரத்தில் கொளுத்துகிற வகை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து... இதற்கு மேல் நான் எழுதக்கூடாது.

முழங்கால் நோவு எப்படி?

ஆரணன்

•

சட்டன்
23 மார்ச் 2025

அன்புள்ள ஆரணனுக்கு,

இன்றைக்கு ‘நீ’தான். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அதற்கு இடம் மாறிவிட்டது.

நீ பாதியில் விட்ட வரியை நாலு நாள் மென்றுகொண்டிருந்தேன். நேற்றுக் கோயிலில் ஐயர் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னப் போத்தலில் பச்சைக் கற்பூரம். பொங்கலுக்குப் போடுவது, சந்தனக் காப்புக்கும் கலப்பது. அவர் கிள்ளிப் போட்டதைப் பார்த்ததும் கட்டிக்கொண்டிருந்த பூவை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வெளியே வந்து காருக்குள் இருந்தேன்.

சொல்கிறேன், கேள். பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல் மாலையைக் கழற்றியபின் கால்படுகிற இடத்தில் போடக்கூடாது. ஊரில் என்றால் மாட்டுக்குக் கொடுப்போம், இல்லாவிட்டால் குளத்தில் விடுவோம். இங்கே கவுன்சில்காரன் தந்த பச்சைத் தொட்டிக்குள், அழுகின தக்காளியோடும் கோழி எலும்போடும் சாமி மாலையைப் போட எனக்கு மனம் வரவில்லை. நான் குதிரை வாங்கியதும் எங்கள் கோயில் தலைவர் கனகலிங்கம் அண்ணைதான், “சிவமலர், மாடு இல்லாத ஊரில குதிரையாவது தின்னட்டும்” என்று பையில் போட்டுத் தந்தார். அன்றிலிருந்து கிழமையில் ஒருநாள் எப்சத்துக்குப் போய் மயில்வாகனத்துக்கு அதைக் கொடுத்து வந்தேன். என் காரைக் கண்டாலே கனைக்கும். லாயத்தில் மற்றவர்கள் குதிரைகளோடு வேலையாக நிற்கும்போது கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பெவர்லிக்குத் தெரியாது. நான் ஒளித்ததில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கெம்டன் பந்தயத்துக்கு முதல்நாள் சதுர்த்தி, சந்தனக் காப்பு. மாலை முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. விடியப் போய்க் கொடுத்தேன். மாலையைத் தின்றுவிட்டு என் உள்ளங்கையையும் நக்கியது. அது வென்றது பிள்ளையாராலே என்று நாங்கள் நாலு பேரும் அன்றைக்குத் தேங்காய் வேறு உடைத்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இப்போது நீ கேட்பாய், விசாரித்தபோது ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று. தீவனமா, மாத்திரையா, ஊசியா என்று கேட்டார்கள். சாமி மாலை அந்த வரிசையில் என் புத்திக்கு வரவே இல்லை, ஆரணன். மாலையைக் கால்படாத இடத்தில் சேர்த்தேன், அதுதான் நான் செய்தது. குதிரைக்கு எதையோ கொடுத்தேன் என்று ஒரு கணம்கூட நினைத்ததில்லை.

எங்கள் கூட்டில் ஒருத்தியான றூபினியிடம் சொன்னேன். அவள் பார்மசி வைத்திருக்கிறவள். “கிள்ளுப் போட்டாலும் அந்த டெஸ்டில காட்டும் அக்கா” என்றாள். பிறகு குரலை இறக்கி, “ஆனா மாலை இப்ப எங்க இருக்கு? குதிரையின்ர வயித்தில. நீங்கள் வாய் திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியப் போறேல்லை” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், என்மேல் உள்ள அன்பில் சொன்னது.

கனகலிங்கம் அண்ணை அன்பில் வரவில்லை. எப்படியோ விஷயம் காதில் விழுந்து, இன்று காலை கடைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“கோயிலின்ர பேரை அங்க கொண்டுபோய் இழுக்காதையும் சிவமலர். பேப்பரில போடுவாங்கள், இந்துக் கோயில் குதிரைக்கு மருந்து குடுத்தது எண்டு. கைக்குப் பூசின தைலம் எண்டு சொல்லும். அதிலயும் கற்பூரம் இருக்குத்தானே.”

“தைலம் எண்டால் ஆற்ர கைத் தைலம்? லாயத்தில வேலை செய்யிற பிள்ளையளின்ர கையோ?” என்று கேட்டேன்.

“அது அவை பாத்துக்கொள்ளுவினம்.”

“அண்ணை, மாலையைப் பையில போட்டுத் தந்தது நீங்கள். கொண்டுபோய்க் குடுத்தது நான். பழி மட்டும் அந்த வெள்ளைக்காரப் பெட்டைக்கோ? எனக்கு ஏலாது. கதவைத் திறந்துவிட்டுப் போங்கோ, ஆக்கள் சாமான் வாங்க நிக்கினம்.”

போய்விட்டார். நான் கடையை றூபினியிடம் விட்டுவிட்டு நேரே எப்சம் போனேன். பெவர்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு எழும்பி, “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று கத்தினாள். இந்த விஷயத்தில் என்னை ஏச உரிமை உள்ள ஒரே ஆள் அவள், வாங்கிக்கொண்டேன். நாளைக்கு ஆணையத்துக்கும் எழுதிப் போடுகிறேன். மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு.

மாமி

•

ரெய்னர்ஸ் லேன்
30 மார்ச் 2025

அன்பின் மாமிக்கு,

கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டேன்.

சட்டப்படி நடக்கப் போவது இதுதான். பந்தய நாளில் வழக்கமான தீவனமும் தண்ணீரும் தவிர வேறெதுவும் குதிரையின் வாய்க்குப் போகக் கூடாது. கூட்டு உரிமையாளராகப் பதிவு செய்தபோது அந்த விதிகளுக்கெல்லாம் நீங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே பெவர்லியின் பாரம் குறையும், உங்கள்மேல் ஏறும். கையெழுத்துப் போட்டு “இல்லை” என்று சொன்னதற்கு இன்னொரு குற்றச்சாட்டும் வரும். அதுதான் பெரியது. சாமி பெயரைச் சொன்னால் இளகுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். யார் என்று நான் சொல்ல முடியாது.

அப்பாவோடு சண்டை. “அக்காவை மாட்டிவிட்டிட்டு நீ அங்க சம்பளம் வாங்கிக்கொண்டிரு” என்று போனை வைத்துவிட்டார். நான் மாட்டிவிடவில்லை என்று அவரிடம் சொன்னால் எடுபடாது. உங்களுக்குத் தெரியும் அல்லவா?

ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தவுடன், மாமி பேசாமல் இருந்திருக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. எந்த விதி பிடித்து வேலைக்கு வந்தேன் என்று உங்களுக்குப் பெரிதாக எழுதினேனோ, அதே ஆள் அப்படி நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஆரணன்

•

சட்டன்
18 மே 2025

அன்புள்ள ஆரணனுக்கு,

நீ மாட்டிவிடவில்லை. உன் அப்பனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விசாரணை முடிந்தது. நீ அந்தப் பக்கமே வரவில்லை, வரக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கதவு திறந்த ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு பக்கம் முன்பு குதிரை ஓட்டினவர், மறுபக்கம் மிருக வைத்தியம் பார்க்கிற பெண். வழக்கறிஞர் வைக்கவில்லை. என் வாய்க்கு நான் ஏன் வாடகை கொடுக்க வேண்டும்? மொழிபெயர்க்க ஒரு பிள்ளை இருந்தாள். என் தமிழைக் கேட்டு இரண்டு தரம் சிரிப்பை அடக்கினாள். அவள்தான் நம் கடிதங்களையும் வாசித்தவள் என்று நினைக்கிறேன்.

மாலையைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஒன்று கொண்டுபோயும் காட்டினேன். வைத்தியப் பெண் அதை மணந்து பார்த்து, ஐயர் எவ்வளவு கற்பூரம் கலப்பார் என்றும் கேட்டு, ஆய்வுகூடம் சொன்ன அளவுக்கு இது பொருந்தும் என்றாள். பெவர்லியின் பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை, அவளுக்குத் தண்டனை இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கெம்டன் வெற்றியைப் பிடுங்கி இரண்டாவதாக வந்த குதிரைக்குக் கொடுத்தார்கள். அதுவும் சரிதான், அந்தக் குதிரை கற்பூரம் தின்னவில்லை.

பிறகு என் முறை. நீதிபதி நல்ல மனிதர்தான். முன்னுக்குக் குனிந்து மெல்லக் கேட்டார், நீங்கள் அன்று தெரிந்துகொண்டே தவறான பதில் சொன்னீர்கள் என்று ஏற்று, வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று. அப்படிச் செய்தால் ஒரு மாதத் தடையோடு விடலாமாம்.

“பந்தயம் நடந்த அண்டைக்குக் குடுத்தது பிழை. அதுக்கு நூறு தரம் மன்னிப்புக் கேப்பன்” என்றேன். “பெவர்லியைக் கேளாமல் குடுத்ததும் பிழை. ஆனா தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னனான் எண்டு எழுதித் தரமாட்டன். நான் பொய் சொல்லேல்லை. பொய் சொல்லியிருக்க வேணும் எண்டால் இண்டைக்கு இஞ்ச வந்து நிக்கத் தேவையில்லையே, ஐயா. ஒரு மாதத்துக்காக நான் இல்லாத பொய்யை ஒத்துக்கொண்டால், அதுதான் உங்களுக்கு நான் சொல்லுற முதல் பொய்.”

அந்தப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் குதிரை ஓட்டினவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். மூவரும் உள்ளே போய் வந்தார்கள். ஆறு மாதம். பந்தயத் திடலுக்கும் லாயத்துக்கும் நான் போகக்கூடாது. மனம் மாறி அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் எந்த நேரமும் குறைக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

கோயிலிலும் எனக்குப் பூக்கட்டுகிற வேலை இல்லையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? கனகலிங்கம் அண்ணை என்னைக் கண்டால் மறுபக்கம் பார்க்கிறார். வாசலில் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

அழுதேனா என்று கேட்டால், அழுதேன். மயிலைத் தொட்டுப் பார்க்க முடியாதது பொல்லாத வேதனை. பெவர்லி வீடியோ அனுப்புகிறாள். என் காரின் நிறத்தில் எந்தக் கார் வந்தாலும் அது தலையை நீட்டிப் பார்க்கிறதாம்.

ஆனால் உங்கள் ஆணையம் ஒன்றை மறந்துவிட்டது. எப்சத்தில் ஓட்டப்பாதைக்கு நடுவில் இருக்கிற மேடு பொது நிலம். வேலியுமில்லை, டிக்கெற்றும் இல்லை. நாயோடு உலாத்துகிறவர்கள் போகலாம் என்றால் சிவமலரும் போகலாம். ஜூலையில் ஒரு வியாழன் மாலை மயில் அங்கே ஓடப் போகிறது. நான் மேட்டில் நிற்பேன்.

மாமி

•

ரெய்னர்ஸ் லேன்
12 ஜூலை 2025

அன்பின் மாமிக்கு,

வியாழக்கிழமை நான் சொல்ல வந்ததை நீங்கள் சொல்ல விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேலை முடிந்து ரெயில் எடுத்து, அந்தப் புல்மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தேன். கோட்டுப் பையில் ஒரு தாள். நீங்கள் எழுதிக் கொடுக்க மறுத்த அந்த ஒரு வரியை நானே எழுதிக் கொண்டு வந்திருந்தேன். உங்கள் மனம் நோகாதபடி, ஆணையமும் ஏற்றுக்கொள்ளும்படி, எட்டுத் தரம் திருத்தியது. வழக்கு முடிந்துவிட்டதால் நான் உங்களிடம் பேசத் தடையில்லை. கையெழுத்துப் போட்டால் அடுத்த கிழமையே நீங்கள் லாயத்துக்குள் போகலாம், மயிலைத் தொடலாம். அதைத் தவிர வேறொன்றும் என் மனதில் இல்லை.

ஓட்டப்பாதையின் வெள்ளைக் கம்பியோரம் நீங்கள் மடிப்புக் கதிரையில் இருந்தீர்கள். றூபினி அக்காவும் மற்ற இருவரும் உள்ளே போக அட்டை இருந்தும் போகாமல், உங்களோடு புல்லில் சேலையை விரித்து இருந்தார்கள். பையிலிருந்து தாளை எடுத்தேன்.

“மாமி, ஒரேயொரு வரி...”

நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “தள்ளி நில்லு ராசா, என்ர குதிரை வருது” என்றீர்கள்.

தள்ளி நின்றேன். சரிவில் இறங்கி வளைவில் திரும்பி அது வந்தது. ஆறு வருடமாகக் குதிரைகளை எண்களாகவும் இரத்தமாகவும் சிறுநீராகவும்தான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் ஒன்று ஓடி நான் பார்த்ததில்லை. மண் அதிர்ந்தது. நீங்கள் நாலு பேரும் எழும்பிப் பெயர் சொல்லிக் கத்தினீர்கள். எப்போது நானும் கத்தத் தொடங்கினேன் என்று எனக்குத் தெரியாது. தொண்டை இன்னும் நோகிறது.

நாலாவதாக வந்தது. நீங்கள் வென்றதுபோலக் கை தட்டினீர்கள். எனக்குப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள், தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அதை எடுத்து வாசித்துப் பார்த்தேன். நல்ல வசனம்தான், ஆனால் ஒரு சொல்லும் உங்களுடையதில்லை. கிழித்துவிட்டேன். ஆறு மாதத்தையும் முழுதாக முடியுங்கள் மாமி. நானும் வந்து நிற்பேன்.

ஆணையத்தில் வேலை செய்கிறவர்கள் எந்தக் குதிரையின் பக்கமும் சேரக் கூடாது. எங்கள் பிரிவுத் தலைவர் அன்று எதிர்ப்பக்க மேடையில் தூரக்கண்ணாடியோடு நின்றார். அவர் என்னைக் கண்டார், நானும் அவரைக் கண்டேன். திங்கட்கிழமை கூப்பிடுவார். கத்தியது நான்தான், அது என் மாமியின் குதிரை என்று சொல்வேன். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதித் தா என்று கேட்டால், எழுத வராது என்றும் சொல்வேன்.

ஆரணன்